உழவு நிலத்துப் பிளாஸ்டிக்: மறுசுழற்சிக்குக் கிடைத்த விடைகளும் விடுபட்டவையும்

அறுவடை முடிந்த வயலில் எஞ்சும் பிளாஸ்டிக்கை என்ன செய்வது? எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு முக்கால் நூற்றாண்டு வயது. 1948-இல் அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத் தோட்டக்கலைப் பேராசிரியர் எமெரி எம்மெர்ட், கண்ணாடிக்கு மாற்றாக மலிவான செலோபேன் தாளைக் கொண்டு பசுமைக்குடில் ஒன்றை மூடினார். அதைத் தொடர்ந்து பாலித்தீன் வந்தது. கூரையில் தொடங்கிய அது தரையை மூடும் தாளாகவும், பாசனக் குழாயாகவும், நாற்றுப் பையாகவும் பரவியது. களை குறைந்தது, நீர் மிச்சமானது, பருவம் தவறியும் விளைச்சல் கிடைத்தது. பயன் தீர்ந்த பொருள் எங்கே போகும் என்பது பின்னால்தான் பெரிய கேள்வியாக எழுந்தது.

ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பு 2021 டிசம்பரில் வெளியிட்ட மதிப்பீடு அந்தக் கேள்விக்கு ஓர் அளவைக் கொடுத்தது. பயிர், கால்நடை, மீன் வளர்ப்பு, காடு வளர்ப்பு ஆகியவற்றில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 25 லட்சம் டன் பிளாஸ்டிக் பொருட்கள் பயன்படுகின்றன. அதில் பாதியளவு ஆசியாவில். பசுமைக்குடில் தாள், நிலத்தை மூடும் தாள், தீவனப் பொதிகளைச் சுற்றும் தாள் ஆகிய மூன்றுக்கும் 2018-இல் 61 லட்சம் டன்னாக இருந்த தேவை, 2030-இல் 95 லட்சம் டன்னாகும் என்றும் அது கணித்தது. உலகின் மொத்தப் பிளாஸ்டிக்கில் இது சிறு பங்கு. ஆனால் உணவு விளையும் மண்ணோடு நேரடியாகச் சேர்ந்து கிடக்கும் பங்கு.

இதுவரை ஐந்து வகை விடைகள் முன்வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பொருளில், ஏதோ ஒரு நாட்டில் வென்றிருக்கிறது, வேறிடத்தில் தோற்றிருக்கிறது. இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் மறுசுழற்சி ஆலையின் திறமையைவிட இரண்டு முன்முடிவுகளில்தான் அதிகம் இருப்பதாகத் தெரிகிறது: பொருளை எவ்வளவு தடிமனில் செய்வது, திரும்பப் பெறும் செலவை யார் தலையில் வைப்பது.

ஒரே பெயரில் பல பொருட்கள்

‘வேளாண் பிளாஸ்டிக்’ என்று ஒருமையில் பேசுவதே பல குழப்பங்களுக்குத் தொடக்கம். பூச்சிமருந்து டப்பா தடித்த, அடர்த்தி மிகுந்த பாலித்தீனால் ஆனது. கழுவினால் நல்ல மூலப்பொருள், கழுவாவிட்டால் நஞ்சு. பசுமைக்குடிலை மூடும் தாள் பொதுவாக 200 மைக்ரான் வரை தடிமன் கொண்டது. மூன்று நான்கு ஆண்டுகள் வெயிலில் நின்றாலும் மண் அதிகம் ஒட்டாது. கழற்றிச் சுருட்டினால் எடை நிற்கும். சொட்டுநீர்க் குழாயும் எடையுள்ள பொருள்தான். ஆனால் உள்ளே உப்பும் வண்டலும் படிந்திருக்கும், சொட்டுவான்கள் வேறு வகைப் பிளாஸ்டிக்காக இருக்கலாம்.

நாற்றங்கால்களில் நிலைமை இன்னும் கலப்பானது. கறுப்புப் பாலித்தீன் பை, பாலிபுரொப்பிலீன் தொட்டி, பாலிஸ்டைரீன் குழித்தட்டு என மூன்றும் ஒரே குவியலில் கிடக்கும். கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இவை சேர்ந்து உருகாது. தொட்டிக்குக் கறுப்பு நிறம் தரும் கார்பன் தூள் அகச்சிவப்புக் கதிரை விழுங்கிவிடுவதால், மேலைநாட்டுத் தரம்பிரிப்பு ஆலைகளின் கதிர்க்கருவிகளுக்கு அது புலப்படுவதில்லை. பிரிட்டனின் தோட்டத் தொழிலில் மண்பழுப்பு நிறத் தொட்டிகள் பரவியதற்கு இதுவே காரணம்.

எல்லாவற்றிலும் கடினமானது, உழவர்கள் ‘மல்ச்சிங் ஷீட்’ என்று சொல்லும் நிலமூடுதாள். மெல்லியது, ஒரு பருவத்திலேயே நைந்துபோவது, ஓரங்கள் மண்ணுக்குள் புதைக்கப்படுவது. வயலிலிருந்து எடுக்கும்போது அதன் எடையில் பாதிக்கு மேல் மண்ணும் ஈரமும் வேர்த்துணுக்குமாக இருப்பது வழக்கம். மேலே சொன்னவற்றுள் ஒன்றுக்குப் பொருந்தும் தீர்வை மற்றொன்றுக்கு நீட்டும்போதுதான் பெரும்பாலான திட்டங்கள் இடறுகின்றன.

முதல் விடை: திரட்டு, கழுவு, உருக்கு

மிகப் பழைய விடை இயந்திர மறுசுழற்சி. துண்டாக்கி நீரில் கழுவினால் பாலித்தீன் மிதக்கும், மண் அடியில் தங்கும். பின் உலர்த்தி, உருக்கி, சல்லடை வழியே தள்ளிக் குருணையாக்குவார்கள். குப்பைப் பை, கட்டுமானத் தாள், குழாய், வேலிக் கம்பம் போன்றவை அதிலிருந்து வரும்.

இந்த வழி செல்லுபடியாகும் என்பதற்கு நல்ல சான்று அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் உண்டு. மிசிசிப்பி டெல்டாப் பகுதியின் நெல், சோயா வயல்களுக்கு மடிப்புக் குழாய்களில் நீர் பாய்ச்சுகிறார்கள். அவை பெரும்பாலும் ஒரே பருவத்துக்கு உழைப்பவை. ஸ்டட்கார்ட் நகரில் 1990-களில் தொடங்கிய டெல்டா பிளாஸ்டிக்ஸ் நிறுவனம் அந்தக் குழாயைத் தயாரித்து விற்பதோடு, பயன்படுத்திய குழாயைப் பண்ணைக்கே வந்து எடுத்துச் சென்று மறுசுழற்சி செய்யத் தொடங்கியது. ஒரே பகுதி, ஒரே பொருள், ஒரே வகைப் பிளாஸ்டிக் என்ற மூன்றும் அங்கே கைகூடின.

இந்த மூன்றும் இல்லாத இடங்களில் கணக்கு மாறிவிடுகிறது. மண் துகள் வெட்டுக்கத்தியை மழுங்கடிக்கும், சல்லடையை அடைக்கும், கழுவிய நீரைச் சேறாக்கும். பல மாத வெயிலில் பிளாஸ்டிக்கின் மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்திருப்பதால் கிடைக்கும் குருணையின் தரமும் குறையும். பசுமைக்குடில் தாளில் வெயிலைத் தாங்கச் சேர்க்கும் வேதிப்பொருளைக்கூடக் கந்தகம், குளோரின் கலந்த பூச்சிமருந்துகள் செயலிழக்கச் செய்கின்றன. கச்சா எண்ணெய் விலை சரிந்தால் புதுப் பிளாஸ்டிக்கே மலிவாகி, கழுவிய பழசுக்கு ஆள் இருக்காது. 2018-இல் சீனா கழிவுப் பிளாஸ்டிக் இறக்குமதியை நிறுத்தியபோது, ஏற்றுமதியை நம்பியிருந்த பண்ணைக்கழிவுத் திட்டங்கள் பல இந்தப் பலவீனத்தை நேரடியாக உணர்ந்தன.

தென் ஸ்பெயினின் அல்மேரியாவில் 30,000 ஹெக்டேருக்கு மேல் பசுமைக்குடில்கள் உள்ளன. கூரைத்தாளுக்கு அங்கே மறுசுழற்சிச் சந்தை உண்டு. அப்படியிருந்தும் கிழிசல்களும் கயிறுகளும் காட்டாறுகள் வழியே கடலுக்குச் செல்கின்றன. 2012-இல் அண்டை மாகாணமான கிரனாடாவின் கரையில் ஒதுங்கிய எண்ணெய்த் திமிங்கலம் ஒன்றின் வயிற்றில் பசுமைக்குடில் தாள் உள்ளிட்ட 59 பிளாஸ்டிக் பொருட்கள் இருந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். விலைபோகும் பகுதியைச் சந்தை எடுத்துக்கொள்கிறது. விலைபோகாததை எடுக்க அதற்குக் காரணமில்லை.

இரண்டாம் விடை: விற்றவருக்கும் பொறுப்பு

சந்தை எடுக்காததை எடுக்க வைக்கப் பிறந்தது உற்பத்தியாளர் பொறுப்பு என்ற கருத்து. இதில் அதிகம் பேசப்படும் முன்மாதிரி பிரேசில். 2000-இல் இயற்றப்பட்ட 9,974-ஆம் எண் சட்டம், காலிப் பூச்சிமருந்துக் கலன்களுக்கான பொறுப்பை மூவருக்கும் பகிர்ந்தது. உழவர் கலனை மும்முறை அலசி, துளையிட்டு, ஓராண்டுக்குள் திருப்பித் தர வேண்டும். விற்பவர் எங்கே திருப்புவது என்பதைப் பற்றுச்சீட்டிலேயே குறிக்க வேண்டும். தயாரிப்பாளர் அதை எடுத்துச் சென்று மறுசுழற்சி செய்யவோ அழிக்கவோ வேண்டும். இதற்கெனத் தொழில் நிறுவனங்கள் அமைத்த இன்பெவ் என்ற அமைப்பின் கணக்குப்படி, மருந்தோடு நேரடியாகத் தொடும் பிளாஸ்டிக் கலன்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் முறையாகக் கையாளப்படுகின்றன. திரும்பிய பிளாஸ்டிக்கின் ஒரு பகுதி மறுபடியும் பூச்சிமருந்துக் கலனாகவே மாறுகிறது. சிறு உழவர்கள் வாழும் ஊர்களுக்கு நடமாடும் சேகரிப்பு நடக்கிறது.

அயர்லாந்து வேறொரு பொருளில் இதையே செய்தது. அங்கே பசும்புல்லைச் சேமிக்கச் சுற்றும் தாள்தான் பெரும் கழிவு. 1997-இல் அமைந்த அயர்லாந்துப் பண்ணைத்தாள் உற்பத்தியாளர் குழு, தாளின் விற்பனையின்போதே ஒரு தீர்வையைப் பெறுகிறது. திருப்பித் தரும்போது எடைக்கு ஏற்ற சிறு கட்டணமும் உண்டு. பல ஆண்டுகளாக, விற்ற தாளில் பெரும்பகுதியைத் திரட்டிவருகிறது. பிரான்சில் 2001-இல் தோன்றிய அடிவாலோர், ஜெர்மனியில் 2014-இல் வந்த எர்டே ஆகியவையும் இதே குடும்பம்.

இந்த விடைக்கும் மூன்று பலவீனங்கள் உண்டு. வெற்றி விழுக்காடுகளைப் பெரும்பாலும் திட்டத்தை நடத்துபவர்களே கணக்கிடுகிறார்கள். திரட்டியது எல்லாம் மறுசுழற்சியானது என்றும் ஆகிவிடாது. மூன்றாவது முக்கியமானது: பிரேசிலின் கலனும் அயர்லாந்தின் தாளும் எடையும் உருவமும் உள்ள பொருட்கள். விரல் பட்டால் கிழியும் நிலமூடுதாளுக்கு அதே ஏற்பாடு பலிக்கும் என்று கொள்வதற்கு இவை மட்டும் போதா.

தடிமனின் கணக்கு: சீனா தரும் பாடம்

நிலமூடுதாளின் சிக்கலைச் சீனா அளவுக்குச் சந்தித்த நாடு இல்லை. 1970-களின் இறுதியில் ஜப்பானிலிருந்து வந்த இந்த முறை, வறண்ட வடமேற்கில் பருத்தி, மக்காச்சோளச் சாகுபடியையே மாற்றியது. ‘வெள்ளைப் புரட்சி’ என்று கொண்டாடப்பட்டது, பின்னர் ‘வெள்ளை மாசு’ என்று பெயர் பெற்றது. நெடுங்காலம் தாளிட்ட நிலங்களின் மேல்மண்ணில் ஹெக்டேருக்கு 50 முதல் 260 கிலோ வரை எச்சம் இருப்பதை 2014-இல் வெளிவந்த ஆய்வுரை ஒன்று தொகுத்துக் காட்டியது.

காரணம் தாளின் மென்மை. 1992-இன் தேசியத் தரம் 8 மைக்ரானை அளவாக வைத்தது. சந்தையில் அதைவிட மெல்லியதும் தாராளமாகப் புழங்கியது. 2017-இல் திருத்திய தரம் குறைந்த அளவை 10 மைக்ரானாக உயர்த்தி, 2018 முதல் நடைமுறைக்கு வந்தது. தயாரிப்பு, விற்பனை, பயன்பாடு, மீட்பு அனைத்தையும் உள்ளடக்கிய வேளாண் தாள் மேலாண்மை விதிகள் 2020 செப்டம்பரில் செயலுக்கு வந்தன.

இங்கே ஒரு முரண் உண்டு. ஒரு ஹெக்டேர் பரப்பை முழுதாக மூட 8 மைக்ரான் தாள் ஏறத்தாழ 74 கிலோ தேவைப்படும். 25 மைக்ரான் தாளென்றால் 230 கிலோ. குறைவாகப் பயன்படுத்து என்ற கொள்கை முதலாவதைத் தேர்ந்தெடுக்கும். மீட்கக்கூடியதைப் பயன்படுத்து என்ற கொள்கை இரண்டாவதை. தடித்த தாளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உண்மையிலேயே திரும்பி வந்தால்தான், மெல்லிய தாள் முழுவதும் மண்ணில் தங்குவதைவிட அது மேல். சேகரிப்பு ஏற்பாடு இல்லாமல் தடிமனை மட்டும் கூட்டுவது நிலத்தில் சேரும் பிளாஸ்டிக்கின் எடையைக் கூட்டவும் கூடும். தடிமன் விதியும் திரும்பப்பெறும் விதியும் ஒன்றில்லாமல் மற்றொன்று நிற்காது.

மூன்றாம் விடை: மண்ணிலேயே மட்கும் தாள்

எடுக்க முடியாததை ஏன் எடுக்க வேண்டும், உழுது விட்டால் மட்கிப்போகட்டுமே என்பது மூன்றாம் தரப்பின் வாதம். 1970-களில் பிரிட்டனின் ஜெரால்டு ஸ்காட் போன்றோர் ஒளிபட்டுச் சிதையும் பாலித்தீனை உருவாக்கினர். மண்ணில் புதைந்த ஓரத்துக்கு வெளிச்சம் எட்டாது என்பது அதன் குறை. பின்னர் வந்த, ஆக்சிஜன் பட்டுச் சிதையும்படி செய்த ‘ஆக்சோ’ வகைத் தாள்கள் கண்ணுக்குத் தெரியாத துகளாக உடைகின்றன, முழுதாக மட்குவதில்லை என்ற குற்றச்சாட்டு வலுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலை முதல் ஆக்சோ பிளாஸ்டிக்கை விற்பனைக்குத் தடை செய்தது.

இப்போதைய தலைமுறை, மாவுச்சத்தும் பாலியெஸ்டரும் கலந்த தாள்கள். 2018-இன் ஐரோப்பியத் தரம், ஆய்வக மண்ணில் 24 மாதங்களுக்குள் 90 விழுக்காடு கரியமில வாயுவாக மாற வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. முந்தைய வாக்குறுதிகளைவிட இது மிகக் கறாரான அளவுகோல். ஆயினும் ஆய்வகத்தில் சீரான வெப்பமும் ஈரமும் உண்டு. வயலில் கோடை வறட்சியும் குளிரும் உண்டு. ஆண்டுதோறும் புதுத்தாள் உழப்படும் நிலத்தில், பழையது முழுதாக மட்குமுன் புதியது சேருமா என்பது விவாதத்துக்குரியதாகவே உள்ளது. விலை பாலித்தீனைப் போல் இரண்டு மூன்று மடங்கு. அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள் 2014-இல் இவற்றுக்குக் கதவு திறந்தன. ஆனால் மூலப்பொருள் முழுவதும் உயிர்ப்பொருளிலிருந்து வர வேண்டும் என்ற நிபந்தனையைச் சந்தைத் தாள்கள் நிறைவேற்றவில்லை. பருவ இறுதியில் அகற்றவேண்டிய பாலித்தீனே அந்தப் பண்ணைகளில் அனுமதிக்கப்பட்ட தாளாகத் தொடர்ந்தது.

நான்காம் விடை: எரிபொருளாகவும் சாலையாகவும்

கழுவிக் கட்டுப்படியாகாததைச் சூளைக்கு அனுப்பலாம் என்பது தொழில்துறையின் விடை. சிமெண்டுச் சூளையின் உயர்வெப்பத்தில் பிளாஸ்டிக் எரிபொருளாகும். வெப்பச்சிதைவு முறையில் எண்ணெயாக்குவதும் பேசப்படுகிறது. இரண்டுக்குமே மண்ணும் ஈரமும் பகை: நனைந்த தாள் தரும் வெப்பத்தில் ஒரு பகுதி அதன் நீரை ஆவியாக்கவே செலவாகும். இலேசான பொருளைத் தொலைவுக்கு லாரியில் ஏற்றும் செலவும் உண்டு. ஆனாலும் வரப்போரத்தில் கொளுத்துவதோடு ஒப்பிட்டால் இவை மேலானவை. திறந்தவெளியில் பாலித்தீன் எரிந்தால் கரித்தூளும் நச்சு வேதிப்பொருட்களும் எழும். பிவிசி கலந்தால் டையாக்சினும் சேரும்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை உலகறிந்தது. அதற்காக 2018-இல் பத்மஸ்ரீ பெற்றார். சூடான சல்லியின் மீது பிளாஸ்டிக் துண்டுகளைத் தூவிப் பூச்சாக்கி, பிறகு தார் கலப்பது அதன் சாரம். வயல் பிளாஸ்டிக்குக்கு இது வழியாகுமா என்றால், ஓரளவு. சுத்தமான, உலர்ந்த பாலித்தீன்தான் சல்லியில் ஒட்டும். மண் ஒட்டிய ஷீட்டுக்கு இங்கேயும் முதலில் கழுவுதல் வேண்டும். ஆகவே கழுவும் செலவைத் தவிர்க்க வந்த மாற்றுவழிகள், பாதித் தொலைவில் அதே செலவிடம் வந்து நிற்கின்றன.

ஐந்தாம் விடை: குறைப்பதும் மீண்டும் பயன்படுத்துவதும்

பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பதே முதல் வழி என்பவர்கள் இயற்கை மூடாக்கை முன்வைக்கிறார்கள்: வைக்கோல், கரும்புச் சோகை, தென்னை நார்க்கழிவு. சோகையை எரிப்பதற்குப் பதிலாக மறுதாம்புக் கரும்பில் பரப்புவது நன்கு நிலைபெற்ற முறை. எல்லாப் பயிருக்கும் இதை விரிப்பது எளிதல்ல. ஒரு ஹெக்டேருக்குப் பல டன் மூடாக்கு வேண்டும். நம் ஊரில் வைக்கோல் மாட்டுக்குத் தீவனம். கோடையில் அதற்கு விலையும் ஏறும். மிளகாய்க்கும் தக்காளிக்கும் ஷீட் தரும் களைக் கட்டுப்பாட்டுக்கு ஈடாக ஆள்கூலியும் சேரும்.

நாற்றங்கால்களில் மறுபயன்பாட்டுக்கு இடம் அதிகம். சற்றுத் தடித்த குழித்தட்டைப் பல முறை பயன்படுத்தலாம். நாற்றழுகல் பூஞ்சையும் நூற்புழுவும் பழைய தட்டோடு சேர்ந்து வராமல் இருக்க நீராவியோ கிருமிநாசினியோ வேண்டும். அந்தச் செலவு புதுத்தட்டின் விலையைவிடக் குறைவாக இருக்கும்வரைதான் இந்த வழி நிலைக்கும்.

தமிழ்நாட்டில் நிற்கும் இடம்

இந்தியாவில் வேளாண்மையில் பிளாஸ்டிக்கைப் பரப்புவதற்கென்றே 1981-இல் தேசியக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குச் சிறு, குறு உழவர்களுக்கு 100 விழுக்காடும், மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் மானியம் கிடைக்கிறது. நிலமூடுதாளுக்கும் பசுமைக்குடிலுக்கும் மானியம் உண்டு. ஓசூர், கிருஷ்ணகிரி, நீலகிரிப் பகுதிகளில் மலரும் காய்கறியும் குடில்களுக்குள் விளைகின்றன. பொருள் வயலுக்குள் வரும் பாதை தெளிவாக இருக்கிறது.

வெளியேறும் பாதைதான் பாதியில் நிற்கிறது. பழைய குழாயையும் தடித்த தாளையும் காயலான் கடைக்காரர் எடை போட்டு வாங்குவார்; மண் ஒட்டிய ஷீட்டைத் தொடமாட்டார். 2022-இல் வந்த உற்பத்தியாளர் பொறுப்பு நெறிகள் பொதிப் பிளாஸ்டிக்கைப் பற்றியவை. பூச்சிமருந்து பாட்டில் அந்த வரையறைக்குள் வரும், மல்ச்சிங் ஷீட் வராது. பாட்டில் விஷயத்திலும் சட்டங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 1971-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள் காலிக் கலன்களை உடைத்து, குடியிருப்புக்குத் தொலைவில் புதைக்கச் சொல்கின்றன. புதிய நெறிகள் திரட்டி மறுசுழற்சி செய்யச் சொல்கின்றன. 2019-இல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் தடையில், அரசுத் துறைகளின் ஆணைப்படி வன, தோட்டக்கலை நாற்றங்கால்களுக்குச் செல்லும் பைகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. நடவுக் காலத்தின் நெருக்கடி கருதினால் அந்த விலக்கு புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் விலக்கோடு திரும்பப்பெறும் கடமை எதுவும் இணைக்கப்படவில்லை.

மதிப்பீடு

இதுவரையிலான சான்றுகளை மூன்று தட்டுகளில் வைக்கலாம். பூச்சிமருந்துக் கலனுக்கு விடை பெருமளவு தெரியும்: அலசுவது, விற்பனையிலேயே பொறுப்பைப் பிணைப்பது, ஒரு சட்டம் மற்றொன்றை மறுக்காமல் பார்த்துக்கொள்வது. பசுமைக்குடில் தாள், குழாய், தொட்டி ஆகியவற்றுக்குத் தொழில்நுட்பம் இருக்கிறது. சந்தை விலை சரியும்போது தாங்கிப்பிடிக்கும் நிதி ஏற்பாடுதான் தேவை. நிலமூடுதாளுக்கு மட்டும் இன்னும் முழுமையான விடை எங்கும் நிறுவப்படவில்லை. பரப்பளவில் மிக வேகமாகப் பெருகுவதும் அதுவே என்பது கவலைக்குரியது.

திறந்தே இருக்கும் கேள்விகள் சில. எவ்வளவு எச்சம் சேர்ந்தால் விளைச்சல் குறையும்? சீன ஆய்வுகளின் தொகுப்பு ஒன்று ஹெக்டேருக்கு 240 கிலோவைத் தாண்டினால் பாதிப்பு தெளிவாகிறது என்கிறது. மண் வகையும் பயிரும் மாறினால் அந்த எல்லையும் மாறக்கூடும். நுண்பிளாஸ்டிக் மண்ணுயிர்களை எவ்வாறு பாதிக்கிறது என்பதில் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக வருகின்றன. மிதவெப்ப மண்ணுக்கு வகுத்த மட்கும் தாளின் தரம் நம் செம்மண்ணிலும் கரிசலிலும் அப்படியே பொருந்துமா என்பதைப் பல ஆண்டு வயல் ஆய்வுகள்தான் சொல்ல முடியும். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் உழவர்களிடமிருந்து திரட்டும் செலவைத் தாங்க வல்ல அமைப்பு எது என்பதும் தீராதது. பெரும் பண்ணை நாடுகளின் முன்மாதிரிகள் இங்கே நேரடியாக உதவா. பிளாஸ்டிக் குறித்த பன்னாட்டு உடன்படிக்கைப் பேச்சு 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் முடிவு எட்டாமல் கலைந்ததால், உலகளாவிய விதி ஒன்று விரைவில் வரும் என்று காத்திருப்பதிலும் பொருளில்லை.

இவை தீரும்வரை அரசுகளின் கையில் ஒரு நெம்புகோல் ஏற்கெனவே உண்டு: மானியம். எந்தத் தடிமன் தாளுக்கு மானியம் செல்லும், அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு யாருக்கு, அதற்கான தொகை விலையின் எந்தப் பகுதியில் அடங்கும் என்ற மூன்றையும் மானிய விதியிலேயே எழுதலாம். அது உழவர் மீது புதுச் சுமையாகாமல் இருக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் நியாயமானது. அயர்லாந்தின் தீர்வை அங்கே செல்லுபடியானதற்குக் காரணம் தொகை சிறியதாக இருந்ததும், திருப்பிக் கொடுக்க இடம் அருகில் இருந்ததும். இவ்விரண்டும் அமையாத இடத்தில் விதி தாளோடு நின்றுவிடும் வாய்ப்பே அதிகம்.